கம்பம் பன்னீர்த் திராட்சையில் ஒரு கைப்பிரோஸ்கா

வோட்கா பிறகு வாங்கிக்கொள்ளலாம். முதலில் திராட்சையைப் பாருங்கள். விதையில்லாத பச்சைத் திராட்சை வேண்டாம், நீள நீளமாகப் பளபளக்கும் கறுப்புத் திராட்சையும் வேண்டாம். கம்பம் பள்ளத்தாக்கில் விளையும் பன்னீர்த் திராட்சைதான் கைப்பிரோஸ்கா என்ற இந்த வோட்காப் பானத்துக்குச் சரி. தடித்த தோலும் விதையும் உள்ள அந்த உருண்டைப் பழத்தைத் தள்ளுவண்டியில் கூறு கட்டி விற்பார்கள். ஜூஸ் கடைக்குத்தான் லாயக்கு என்று அதை ஒதுக்குகிறவர்கள் உண்டு. நான் சுருளிப்பட்டிப் பக்கத்துக்காரன், என்னிடம் அப்படிச் சொல்லிவிட்டு யாரும் சும்மா போய்விட முடியாது.

பயணிகள் கப்பல்களில் பார் வேலை பார்த்தவன் நான். இந்தப் பானத்தை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அங்கே என்னோடு இருந்த பிரேசில்காரர், சாண்டோஸ் துறைமுக நகரத்தில் பிறந்தவர். கரும்புச் சாற்றைப் புளிக்கவைத்து வடிக்கும் கஷாசா என்ற சாராயம் அவர்கள் நாட்டில் பிரசித்தம். கஷாசாவோடு எலுமிச்சை, சர்க்கரை, ஐஸ் சேர்த்தால் அது கைப்பிரின்யா. கஷாசா இருக்கும் இடத்தில் வோட்காவை ஊற்றினால் கைப்பிரோஸ்கா. கூடவே ஏதாவது ஒரு பழத்தை மசித்துச் சேர்ப்பதும் அங்கே வழக்கம்: ஸ்ட்ராபெரி, முந்திரிப்பழம், திராட்சை என்று கையில் கிடைப்பது எதுவும் ஆகும். கப்பலில் வந்து இறங்கும் விதையில்லாத் திராட்சையில் அவர் போட்டுக் கொடுத்தது நன்றாகத்தான் இருந்தது. ஊருக்கு வந்து பன்னீர்த் திராட்சையில் போட்டுக் குடித்த பிறகு, அது வெறும் சர்க்கரைத் தண்ணீராக நினைவில் சுருங்கிவிட்டது.

காரணம் இருக்கிறது. வோட்கா என்பது வடித்து வடித்து, பல இடங்களில் கரியிலும் வடிகட்டி, தனக்கென்று மணமே இல்லாத அளவுக்குச் சுத்தம் செய்த சாராயம். ஆகவே கிளாஸில் மணக்க வேண்டியது முழுக்கப் பழத்தின் பொறுப்பு. ரோஜாவில் இருக்கும் ஜெரானியால், லினலூல் போன்ற மணப் பொருள்கள் பன்னீர்த் திராட்சையிலும் இருக்கின்றன; பெரும்பகுதி தோலிலும் தோலை ஒட்டிய சதையிலும் தங்கியிருக்கும். தண்ணீரைவிட ஆல்கஹாலில் இவை நன்றாகக் கரையும். மணமே இல்லாத பழத்தைப் போட்டால், எவ்வளவு விலையுயர்ந்த வோட்காவும் அதிலிருந்து எதை இழுத்துக்கொண்டு வரும்?

1832 இல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் இந்தத் திராட்சையைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்பார்கள். 2023 இல் கம்பம் பன்னீர்த் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. நாட்டின் பல பகுதிகளில் திராட்சைக்கு ஒரு பருவம்தான். எங்கள் பள்ளத்தாக்கில் ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு தோட்டத்தில் வெட்டு நடந்துகொண்டே இருக்கும். எனவே எந்த மாதத்திலும் இதைச் செய்யலாம். மழை பெய்து ஓய்ந்த வாரத்தில் வரும் பழத்தில் மட்டும் இனிப்புக் குறைவாக இருக்கும், கூட அரைக் கரண்டி சர்க்கரை கேட்கும்.

வாங்கும்போது குலையைத் தூக்கிக் காம்பைப் பாருங்கள். காம்பு பச்சையாக இருந்தால் அண்மையில் வெட்டியது, பழுப்பேறிச் சுருங்கியிருந்தால் நாளாகிவிட்டது. பழம் காம்படி வரை கருநீலமாக இருக்க வேண்டும். அடியில் சிவப்போ பச்சையோ தெரிந்தால் புளிக்கும். மேலே படிந்திருக்கும் வெள்ளைப் பூச்சைப் பார்த்து மருந்து என்று பயப்பட வேண்டாம், பழம் தானாகவே பூசிக்கொள்ளும் மெழுகு அது. ஆனால் மருந்தும் அடிப்பார்கள் என்பது உண்மை. பழங்களை உதிர்த்து, ஓடும் தண்ணீரில் கையால் அலசிக் கழுவுங்கள். ஒன்றைப் பிதுக்கி மூக்கருகே வைத்துப் பாருங்கள். மணம் வரவில்லை என்றால் அன்றைக்குத் திராட்சையை அப்படியே சாப்பிட்டுவிட்டு வேறு வேலை பார்க்கலாம்.

வோட்காவைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஆரஞ்சு, பச்சை ஆப்பிள் என்று வாசனை சேர்த்தது வேண்டாம், வெறும் வோட்கா போதும். இந்தியாவில் தயாராகும் பாட்டில்களில் பெரும்பாலும் 42.8 சதவீதம் ஆல்கஹால் இருக்கும், வெளிநாட்டுப் பாட்டிலில் 40. இரண்டுமே இதற்கு ஆகும். பாட்டிலை முன்கூட்டியே ஃபிரீசரில் வைத்துவிடுங்கள். வீட்டு ஃபிரீசரின் குளிருக்கு வோட்கா உறையாது, கொஞ்சம் கெட்டிப்பட்டு எண்ணெய்போல் இறங்கும். உரிமம் உள்ள கடையில் சீல் உடையாமல் வாங்கியதாக இருக்கட்டும். மலிவு என்று யாரோ கொண்டுவந்து தரும் சரக்கில் மெத்தனால் கலந்திருந்தால் நாக்குக்கும் மூக்குக்கும் தெரியாது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தது அதனால்தான்.

ஒரு கிளாஸுக்கு அளவு இது: பன்னீர்த் திராட்சை 15, எலுமிச்சம்பழம் பாதி, சர்க்கரை ஒன்றரைத் தேக்கரண்டி, உப்பு இரண்டு விரலால் கிள்ளிய சிட்டிகையில் பாதி, வோட்கா 45 மில்லி, சோடா 30 மில்லி, ஐஸ் நிறைய. பெக் அளவு தெரியாவிட்டால் இருமல் மருந்தோடு வரும் அளவு மூடியைக் கழுவி வைத்துக்கொள்ளுங்கள், அதில் மில்லிக் கோடு போட்டிருக்கும். கண்ணளவில் ஊற்றாதீர்கள். பார்க்காரர்களே அளந்துதான் ஊற்றுகிறார்கள், நமக்கு என்ன அவசரம்?

பானத்தை ஐஸோடு குலுக்கும் ஷேக்கர் இல்லாதவர்கள் வாயகன்ற எவர்சில்வர் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொள்ளலாம். மூடி இறுக்கமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். கண்ணாடி ஜாடி மட்டும் கூடாது. ஐஸ் மோதி உடைந்தால் விபரீதம். மசிப்பதற்குக் கடையில் விற்கும் கருவியைவிட நம் வீட்டு மர மத்து நல்லது. பருப்பு கடையும் மத்தாக இருந்தால் பூண்டும் பெருங்காயமும் ஏறியிருக்கும், அதைத் தொடாதீர்கள். இதற்கென்று சின்னதாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், அல்லது சப்பாத்திக் கட்டையின் நுனியைப் பயன்படுத்துங்கள்.

எலுமிச்சையை மேசையில் வைத்து உள்ளங்கையால் அழுத்தி உருட்டிவிட்டுப் பாதியாக வெட்டுங்கள். அந்தப் பாதியை நான்காக்கி, நடுவில் ஓடும் வெள்ளை நாரையும் விதைகளையும் எடுத்துவிடுங்கள். கசப்பின் பெரும்பகுதி அங்கேதான் ஒளிந்திருக்கிறது. துண்டுகளைத் தோலோடு ஷேக்கரில் போட்டு, சர்க்கரையையும் உப்பையும் மேலே தூவி, மத்தால் ஐந்தாறு முறை அழுத்துங்கள். சர்க்கரைப் பரல்கள் தோலை உரசும்போது எலுமிச்சை எண்ணெய் வெளியே வரும், மூக்குக்கே தெரியும். சர்க்கரைப் பாகு வேண்டாம் என்று நான் சொல்வது இந்த உரசலுக்காகத்தான். நம் எலுமிச்சைக்குத் தோல் மெல்லியது. பிரேசில்காரர்களின் பச்சை எலுமிச்சையை அடிக்கிற அடி அடித்தால் கசந்துவிடும், எனவே அழுத்தியதும் நிறுத்துங்கள். நாட்டுச் சர்க்கரையும் கருப்பட்டியும் வேறு எதற்காவது இருக்கட்டும். அவற்றின் வாசம் திராட்சையை மூடிவிடும்.

அடுத்து திராட்சை. இந்த இடத்தில்தான் பானம் நன்றாக வருவதும் கெட்டுப்போவதும். பன்னீர்த் திராட்சையை லேசாக அழுத்தினால் போதும், தோல் ஒரு பக்கமாகப் பிளந்து சதை முழுசாக வழுக்கி வெளியே வந்துவிடும். அந்தச் சதையை இன்னும் ஓர் அழுத்து அழுத்தினால் சாறு விடும், உள்ளேயிருக்கும் விதை நழுவி ஓரமாகப் போகும். அதோடு விதையை விட்டுவிட வேண்டும். மத்தைக் கிர் கிர்ரென்று சுழற்றினால் விதை உடைந்து துவர்ப்பு இறங்கும், அதைச் சர்க்கரையால் சரிசெய்ய முடியாது. மிக்ஸி கூடாது என்பதற்கும் அதுவே காரணம். விதையை ஒதுக்கிவிட்டுத் தோல்களை மட்டும் ஷேக்கரின் சுவரோடு வைத்து மத்தால் நான்கைந்து முறை இழுத்துத் தேயுங்கள். கறுப்பாக இருந்த சாறு எலுமிச்சைப் புளிப்புப் பட்டுக் கருஞ்சிவப்பாக மாறும். வீடு மணக்க ஆரம்பிக்கும்.

இப்போது ஒரு சொட்டு எடுத்து நாக்கில் வையுங்கள். இனிப்பு உங்களுக்குப் பிடித்த அளவைவிடச் சற்றுக் கூடுதலாகத் தெரிய வேண்டும், ஏனென்றால் குளிர்ந்த பிறகு நாக்குக்கு இனிப்புக் குறைவாகத்தான் தெரியும், ஐஸ் கரைந்த தண்ணீரும் சேரும். சர்க்கரை முழுதும் கரைந்துவிட்டதா என்றும் பாருங்கள். ஆல்கஹாலில் சர்க்கரை எளிதில் கரையாது. வோட்காவை முதலில் ஊற்றிவிட்டுப் பிறகு கலக்குகிறவர்களுக்கு அடியில் பரல் பரலாக நிற்பது இதனால்தான்.

சாறு சரியாக வந்துவிட்டால் வோட்காவை ஊற்றி இரண்டு நிமிடம் அப்படியே விடுங்கள். பார்களில் இதற்கு நேரம் கிடையாது, வீட்டில் உண்டு. தோலில் மிச்சமிருக்கும் மணம் அந்த நேரத்தில் வோட்காவில் இறங்கும்.

பிறகு ஐஸ். நாலு கட்டி போட்டால் நீர்த்துப்போகாது என்று நினைப்பது பெரிய தப்புக்கணக்கு. குறைவான ஐஸ் சீக்கிரம் கரைந்து பானத்தைத் தண்ணீராக்கும். நிறைய ஐஸ் சீக்கிரம் குளிரவைத்துத் தானும் மெதுவாகக் கரையும். ஷேக்கரை முக்கால் பங்கு நிரப்புங்கள். குடிக்கும் தண்ணீரில் நீங்களே உறையவைத்த, ஃபிரீசரிலிருந்து அப்போதுதான் எடுத்த கட்டியாக இருக்க வேண்டும். அவசரத்துக்கு மீன் கடையிலிருந்து வாங்கிவரும் ஐஸ் மீனுக்கு மட்டும்தான், எத்தனை முறை கழுவினாலும். மூடியை இறுக்கி, துண்டால் சுற்றிப் பிடித்து, தோளுக்கு மேலே தூக்கிப் பத்துப் பன்னிரண்டு வினாடி வேகமாகக் குலுக்குங்கள். எவர்சில்வர் மேல் வெண்பனி படர்ந்து விரல் ஒட்டுகிற மாதிரி ஆகும்போது நிறுத்தலாம். இதற்குள் 25 மில்லி அளவுக்குத் தண்ணீர் உள்ளே சேர்ந்திருக்கும், அதுவும் இந்தப் பானத்தின் சேர்மானங்களில் ஒன்று. அது இல்லாமல் வோட்காவின் காரம் தொண்டையில் நிற்கும்.

சாண்டோஸ்காரர் வடிகட்டவே மாட்டார், மசித்ததை அப்படியே கிளாஸில் கவிழ்ப்பார். விதை உள்ள பழத்துக்கு அது சரிப்படாது. புது ஐஸ் நிரப்பிய கண்ணாடி டம்ளரில், பெரிய கண் உள்ள ஜூஸ் வடிகட்டி வைத்து ஊற்றுங்கள். டீ வடிகட்டி என்றால் கண் அடைத்துக்கொள்ளும், டீ வாசமும் ஏறும். வடிகட்டியில் நின்ற தோலைக் கரண்டி முதுகால் ஒரு தரம் அழுத்திவிட்டு, மேலே சோடாவை மெல்ல விடுங்கள். சோடாவை ஷேக்கருக்குள் ஊற்றிக் குலுக்கினால் மூடி பறக்கும், சுவரும் நனையும்.

அலங்காரம் செய்யத்தான் வேண்டும் என்றால் திருநீற்றுப் பச்சிலை ஒன்றைக் கையில் தட்டி மேலே வைக்கலாம், அந்த மணம் திராட்சையோடு சேரும். புதினா போட்டால் புதினாதான் ஜெயிக்கும். கிளாஸ் விளிம்பில் உப்பு, மேலே குடை, பாட்டிலில் வரும் திராட்சை கிரஷ் எதற்கும் நான் ஆள் இல்லை. தொட்டுக்கொள்ள அவித்த வேர்க்கடலை நன்றாக இருக்கும், மிளகாய்த் தூள் தூக்கலாகப் போட்ட வறுவல் வேண்டாம்.

இந்த மாதிரிப் பானத்தில் ஓர் ஆபத்து உண்டு. சாராயம் குடிப்பதாகவே தெரியாது, ஜூஸ்போல் உள்ளே போய்விடும். கணக்குப் போட்டால் 45 மில்லி வோட்காவில் ஏறக்குறைய 15 கிராம் சுத்த ஆல்கஹால் இருக்கிறது. எனவே முதல் கிளாஸ் முடிந்ததும் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு அரை மணி நேரம் பேசிக்கொண்டிருங்கள், இரண்டாவது வேண்டுமா என்பது அப்போது தெரியும். மூன்றாவது என் வீட்டில் கிடையாது. வந்தவர்களின் வண்டிச் சாவியை வாங்கி வைத்துவிடுங்கள். தூக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், ஈரல் தொந்தரவு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், 21 வயது ஆகாதவர்கள் இவர்களுக்கு வோட்கா இல்லாமல் போட்டுக் கொடுங்கள். வோட்கா இருக்கும் இடத்தில் ஒரு தேக்கரண்டி இஞ்சிச் சாறும் கூடுதலாக 60 மில்லி சோடாவும் சேர்த்தால் போதும். அந்தத் தொண்டைக் காரத்தை இஞ்சி கொடுத்துவிடும். சோடா குறைவாக ஊற்றுங்கள் என்று என் அண்ணி ஒவ்வொரு முறையும் சொல்வார், அவர் சொல்வதும் சரிதான்.

நான்கைந்து பேர் வருகிறார்கள் என்றால் ஒவ்வொரு கிளாஸாக மசித்துக்கொண்டிருக்க முடியாது. மாலையில் வரும் விருந்துக்கு மதியமே திராட்சையையும் சர்க்கரையையும் ஆளுக்கு இவ்வளவு என்று கணக்கிட்டுப் பாத்திரத்தில் மசித்து, வோட்காவை ஊற்றி, மூடி ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். எலுமிச்சையை மட்டும் அப்போது சேர்க்காதீர்கள். பிழிந்து நேரமானால் அதன் புத்துணர்ச்சி போய்விடும், தோல் ஊறினால் கசக்கும். ஆட்கள் வந்த பிறகு வடிகட்டி, எலுமிச்சையைப் பிழிந்துவிட்டு, இரண்டிரண்டு கிளாஸுக்கான அளவாக ஐஸோடு குலுக்கி ஊற்றலாம்.

சாறு சட்டையில் தெறித்தால் பதறிப்போய்ச் சோப்புப் போடாதீர்கள், சோப்பின் காரத்தில் சிவப்புக் கறை நீலமாகிவிடும். பிழிந்து வைத்த எலுமிச்சை மூடியால் தேய்த்துக் குளிர்ந்த தண்ணீரில் அலசுங்கள், பிறகு வழக்கம்போல் துவைக்கலாம். மத்தையும் உடனே கழுவிக் காயவையுங்கள், மரத்தில் திராட்சை ஊதா ஏறினால் லேசில் போகாது.