பில் கவுண்டரும் என் ஆட்டிசமும்

சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிறேன். ஆட்டிசம் இருப்பதால், கோபப்படும் வாடிக்கையாளரைவிடத் தலைக்கு மேலே அலறும் ஸ்பீக்கர்தான் என்னைப் படுத்தும். மாலைக்குள் பேச்சே வராது. ஸ்பீக்கர் இல்லாத கடைசிக் கவுண்டரைக் கேட்டேன். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் உண்டு என்று சொன்னபிறகுதான் சூப்பர்வைசர் அசைந்தார்!

கண்ணைப் பார்த்துப் பேசச் சொல்வார்கள். நான் புருவங்களுக்கு நடுவே பார்க்கிறேன், யாருக்கும் வித்தியாசம் தெரிவதில்லை. "பை வேணுமா? கார்டா, ஜிபேயா?" இந்த வரிசை மாறாது. "என்னம்மா, எண்ணெய் இவ்வளவு விலையா?" என்று கேட்டால்தான் முன்பெல்லாம் திணறுவேன். அது கேள்வியே இல்லை, புலம்பல் என்று தோழி சொன்னாள். இப்போது "ஆமாங்க, ஏறிடுச்சு" என்பதோடு சரி.

தீபாவளிக் கூட்டத்துக்கு மட்டும் இன்னும் வழி கிடைக்கவில்லை. அப்போது குடோனில் சரக்கு அடுக்கும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்கிறேன்.