தொண்டை வலிக்கு நாட்டு மருந்து: புதிதாகச் செய்பவர்கள் தவிர்க்க வேண்டியவை

மழை பிடித்துவிட்டால் எங்கள் நாட்டு மருந்துக் கடையில் முதலில் காலியாவது அதிமதுரமும் சித்தரத்தையும்தான். வாங்க வருபவர்களில் பலர் இப்போதுதான் கஷாயம் வைக்கப் பழகுகிறவர்கள். செல்போனில் வந்த குறிப்பைக் காட்டி, "இதெல்லாம் அம்பது அம்பது கிராம் குடுங்க" என்பார்கள். பாத்திரச் சுத்தம், மூடி வைத்துக் காய்ச்சுவது போன்றவற்றை எல்லாரும் சொல்லிவிட்டார்கள். ஆளையே படுக்க வைக்கிற தவறுகள் வேறு.

அதிமதுரத்தை மாதக்கணக்கில் மெல்லுவது

தொண்டைக் கமறலுக்கும் வறட்டு இருமலுக்கும் அதிமதுரம் நல்ல மருந்து. ஆயுர்வேதத்தில் யஷ்டிமது என்பார்கள். வாயில் போட்டதும் இனிக்கும், கமறல் அடங்கும். அதனாலேயே யாரும் அதை மருந்தாக நினைப்பதில்லை.

எங்களிடம் வாடிக்கையாக வரும் டீச்சரம்மா ஒருவர், வகுப்பில் கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொள்கிறது என்று வேர்த்துண்டு வாங்கிப் போனார். பிறகு அடிக்கடி வந்தார். ஒருநாள் கைப்பையில் சில்லறை தேடும்போது ஒரு துண்டு வெளியே வந்து விழுந்தது. மென்று மென்று அதன் நுனி மஞ்சள் நாராகப் பிரிந்து விளக்குமாறு போல விரிந்திருந்தது. குனிந்து எடுக்கும்போது பார்த்தேன், செருப்பு வார் அவர் பாதத்தில் அழுந்தப் பதிந்திருந்தது. நல்ல வீக்கம்.

"பிரஷர் மாத்திரை சாப்பிடுறீங்களாம்மா?"

"ஆமாங்க. இப்ப குறையவே மாட்டேங்குதுன்னு டாக்டர் டோஸ ஏத்திட்டாரு."

"இத மெல்றத அவர்கிட்ட சொன்னீங்களா?"

"வேர்தானேங்க, இதப் போய் சொல்லணுமா?"

எனக்குக் கோபம் அவர் மேல் இல்லை. மூலிகைக்குப் பக்கவிளைவே கிடையாது என்று எழுதிப் பரப்புகிறார்களே, அவர்கள் மேல்தான். அதிமதுரத்தில் உள்ள கிளைசிரைசின் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கிவிடும், பொட்டாசியத்தை வெளியேற்றிவிடும். ரத்த அழுத்தம் ஏறும், கால் வீங்கும், தசை சோர்ந்துபோகும். பொட்டாசியம் மிகவும் இறங்கினால் இதயத் துடிப்பே தடுமாறும். நீர் பிரிய மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். டீச்சரம்மா மறுநாளே வேரை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனார். ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் குறைந்துதான் இருந்தது.

பொடியாகச் சாப்பிட்டால் நாளைக்கு 2 முதல் 4 கிராம், அதுவும் சில நாட்களுக்கு மட்டும். ரத்த அழுத்தம், இதயக் கோளாறு, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் தொடவே வேண்டாம். பாக்கெட்டில் வரும் இருமல் பொடியிலும் அதிமதுரம் இருக்கும், படித்துப் பார்த்து வாங்குங்கள்.

எல்லாத் தொண்டைக்கும் மிளகும் சுக்கும்

சளி கட்டிக் கனத்த தொண்டைக்குச் சுக்கு, மிளகு, திப்பிலி சேர்ந்த திரிகடுகம் சரி. சிவந்து எரிகிற தொண்டையில் அதையே சுண்டக் காய்ச்சி ஊற்றினால் எரிச்சல்தான் கூடும். அதற்கு ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்புப் போட்டுக் கொப்பளிப்பதே போதும்.

கொதிக்கிற கஷாயத்தில் தேன்

தேனைச் சூடாக்கக் கூடாது என்கிறது ஆயுர்வேதம். நாக்குப் பொறுக்கும் சூட்டுக்கு ஆறட்டும், பிறகு கலக்குங்கள்.

ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன்

நாக்கில் தடவக்கூடக் கூடாது.

காய்ச்சலோடு வந்தாலும் கஷாயமே போதும் என்று இருப்பது

பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு இருமல் இல்லாமல் தொண்டை வலி, காய்ச்சல், கழுத்தில் நெறிக்கட்டி, டான்சிலில் வெள்ளைத் திட்டு என்றால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியாக இருக்கலாம். கவனிக்காமல் விட்டால் சில பிள்ளைகளுக்கு அது ருமாட்டிக் காய்ச்சலில் கொண்டுபோய் விட்டு, இதய வால்வைக் கெடுத்துவிடும். ஆன்டிபயாடிக் வேண்டுமா என்பதை டாக்டர் பார்த்துச் சொல்லட்டும். எச்சிலைக்கூட விழுங்க முடியவில்லை, மூச்சு இழுக்கிறது என்றால் அடுப்பைப் பற்ற வைக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.