ஆடித் திருவிழாவுக்கு ஃப்ரெண்டோட சேலம் வர்றீங்களா? இந்த தப்பெல்லாம் பண்ணிடாதீங்க

சேலம்னு சொன்னதும் முக்கால்வாசி பேர் போடுற பிளான் ஒன்னுதான், காலைல பஸ்ஸ விட்டு இறங்குனா நேரா ஏற்காடு, சாயந்திரம் கீழ இறங்கி அப்படியே ஊருக்கு. மத்த மாசத்துல சரி. ஆனா ஆடியில வந்துட்டு இப்படி போனீங்கன்னா வந்ததுக்கே அர்த்தம் இல்லங்க, ஏன்னா அந்த வாரம் திருவிழா மலை மேல இல்ல, கீழ டவுனுக்குள்ள தான் நடக்குது. எல்லாரும் பண்ற பெரிய தப்பே இதான்.

அடுத்தது, தேதி பாக்காம ஏதோ ஒரு சனி ஞாயிறுக்கு டிக்கெட் போடுறது. கோட்டை மாரியம்மன் கோயில்ல பூச்சாட்டி, கம்பம் நட்டு, அப்புறம் சக்தி அழைப்பு, பொங்கல்னு வரிசையா போகும். பொங்கல் வைக்கிறது புதன்கிழமை, 2024ல ஆகஸ்ட் 7, 2025ல ஆகஸ்ட் 6, அன்னிக்கு மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை விடுவாங்க. செவ்வாய்பேட்டை, அம்மாபேட்டை, குகை, அன்னதானப்பட்டினு மத்த பேட்டை மாரியம்மனுக்கும் அதே வாரத்துல தான் கொண்டாட்டம். அதனால லீவு போட்டாலும் பரவால்லனு வாரத்து நடுவுல வாங்க, வீக்கெண்ட் வந்தா பந்தல் பிரிக்கிறத தான் பாக்கணும்.

குகைங்கிற பேட்டையில நடக்குற வண்டி வேடிக்கைய விட்டுடாதீங்க, இத நான் கெஞ்சியே கேப்பேன். பொங்கல ஒட்டி ராத்திரி நடக்கும், நூறு வருஷத்துக்கு மேல நடக்குற வழக்கம். லாரி, டிராக்டர் மேல சிவன் பார்வதி, முருகன், காளினு புராணக் காட்சிய அப்படியே செட் போட்டு, நம்ம தெருவுல தறி ஓட்டுறவரும் கடை வச்சிருக்கவரும் சாமி வேஷம் கட்டி மணிக்கணக்கா அசையாம உக்காந்து வருவாங்க, நல்லா ஜோடிச்ச வண்டிக்கு பரிசு உண்டு. இதுல பண்ற தப்பு என்னன்னா ஒன்பது மணிக்கு கார எடுத்துட்டு குகை பக்கம் போறது. ரோட்ட எல்லாம் திருப்பி விட்டுருவாங்க, வண்டி நிறுத்த இடமே கிடைக்காது, ஃப்ரெண்டுக்கு வழி வேற தெரியாது, ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் போன்ல டவர் இல்லாம நிக்கணும். இருட்டுறதுக்கு முன்னாடியே நடந்து போயி இடம் புடிங்க, பிரிஞ்சுட்டா எந்த கடை முன்னாடி நிக்கணும்னு முன்னாடியே பேசி வச்சுக்கோங்க. ரூமும் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கமா போட்டா நல்லது, ரயில்வே ஜங்ஷன் பக்கம் போட்டுட்டு நடு ராத்திரி ஆட்டோ தேடுறது கொடுமை.

கோயில்ல உருளுதண்டம் போடுறவங்க (தரையில உருண்டு வலம் வர்றவங்க), அருள் வந்து ஆடுறவங்க மூஞ்சிக்கு நேரா போன நீட்டுறதும் வேணாம். அது அவங்க வேண்டுதல். நம்ம ரீல்ஸ்க்கு அவங்க வரல.

இப்ப ஃப்ரெண்ட் விஷயம். உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் சேலத்துக்காரரா இருந்தா ரெண்டுல ஒரு தப்பு நடக்கும், ஒன்னு நான் படிச்ச ஸ்கூல், நான் டீ குடிச்ச கடைனு பழசையே சுத்திக் காட்டுறது, இல்லன்னா எல்லாம் பாத்தது தானேனு வர்றவங்கள தனியா அனுப்பி விட்டுட்டு வீட்ல படுத்துக்கிறது. தெரிஞ்ச இடம் பாதி, ரெண்டு பேருமே பாக்காத இடம் பாதினு வைங்க. கோட்டை மாரியம்மன் கோயிலே திருப்பணி முடிஞ்சு 2023 அக்டோபர்ல தான் கும்பாபிஷேகம் ஆச்சு, சின்ன வயசுல பாத்தவங்களுக்கும் அது புதுசு தான்.

பாக்காத இடம்னா நான் கைய புடிச்சு இழுத்துட்டு போறது தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலுக்கு. டவுன்ல இருந்து ஒரு மணி நேரத்துக்குள்ள போயிடலாம், சேலத்துலயே பொறந்து வளந்தவங்கள்ல நிறைய பேர் போனதே இல்ல, எனக்கு அது நெஜமாவே வருத்தம். இந்தப் பக்கத்த ஆண்ட கெட்டி முதலிகள் கட்டுனது. அங்க ராமர் ஒரு தூண்ல, வாலி ஒரு தூண்ல இருப்பாங்க, ராமர் பக்கம் நின்னா வாலி தெரிவாரு, வாலி பக்கம் போயி நின்னா ராமர் தெரிய மாட்டாரு. உங்க ஃப்ரெண்ட ஒரு தூண்கிட்ட நிக்க வச்சு நீங்க இன்னொன்னுகிட்ட நின்னு பாருங்க, தனியா போனா இது முடியாது. மதியம் நடை சாத்திருவாங்க, பன்னெண்டு மணிக்கு போயி வாசல்ல நிக்காதீங்க.

ஏற்காடு போகவே வேணாம்னு சொல்லல. வண்டி வேடிக்கை அன்னிக்கு சாயந்திரம் வரைக்கும் மேல இருக்கலாம்னு நெனைக்காதீங்க, அவ்ளோ தான். 20 கொண்டை ஊசி வளைவு, ஆடியில மூடுபனி இறங்குச்சுன்னா முன்னாடி போற வண்டியே தெரியாது. அவசரமா இறங்குறது ஆபத்து, ஏறி வர்ற வண்டிக்கு வழி விட்டு தான் இறங்கணும். தனியா ஒரு நாள் ஒதுக்குங்க. ஏரியில போட்டிங், லேடிஸ் சீட் எல்லாரும் போறது தான், கூட சேர்வராயன் கோயிலையும் சேத்துக்கோங்க, மலை உச்சியில குனிஞ்சு போற குகைக் கோயில், காத்து அப்படி அடிக்கும். கிளியூர் அருவி மட்டும் மழை பேஞ்சிருக்கானு லோக்கல்ல கேட்டுட்டு படி இறங்குங்க, தண்ணி இல்லன்னா திரும்ப ஏறுறது தான் மிச்சம்.

ஆடி 18க்கு மேட்டூரையும் இதே டிரிப்புல திணிக்காதீங்க, அன்னிக்கு அங்க கூட்டம் தாங்காது, அதுக்குன்னு தனியா வரணும்.

மாம்பழம் கேட்டு வராதீங்க, மல்கோவா எல்லாம் ஏப்ரல், மே, ஜூன் கதை. ஆடிக்கு தட்டுவடை செட் (ரெண்டு தட்டுவடைக்கு நடுவுல காய், சட்னி வச்சு குடுப்பாங்க) இருக்கு, அதையே நொறுக்கி கலந்து குடுக்குற நொறுக்கல் இருக்கு, சாயந்திரம் தான் கடை போடுவாங்க, அதனால மதியம் பிரியாணிய மூச்சு முட்ட சாப்பிட்டுறாதீங்க. வெள்ளிக் கொலுசு வாங்குறதுன்னா செவ்வாய்பேட்டை, ஆனா டிசைன மட்டும் பாத்துட்டு காசு குடுக்காதீங்க, டச் (வெள்ளியோட சுத்தம்) எவ்ளோ, எடை எவ்ளோ, கூலி சேதாரம் எவ்ளோனு தனித்தனியா கேட்டு பில்லுல எழுதி வாங்குங்க. திருவிழா அன்னிக்கு நிறைய கடை பூட்டியிருக்கும், அதனால கொலுச முந்தின நாளே முடிச்சிருங்க.