பி.ஆர். கார்டு முடியப் போகிறதா?

கனடா பி.ஆர். கார்டுக்கு, அதாவது நிரந்தர வசிப்புரிமை அட்டைக்கு, பெரும்பாலும் 5 வருட ஆயுள். முடிய 9 மாதத்துக்கும் குறைவாக இருக்கும்போதே விண்ணப்பித்துவிடுங்கள். ஊருக்கு டிக்கெட் போட்டுவிட்டுக் கார்டுக்காக ஓடாதீர்கள். கார்டு காலாவதியானால் நிரந்தர வசிப்புரிமை போய்விடாது. ஆனால் அந்த நேரம் வெளிநாட்டில் இருந்தால், திரும்பி விமானம் ஏறத் தனியாகப் பயண ஆவணம் வாங்க வேண்டும். வீண் அலைச்சல்.

தலைவலி நாள் கணக்கில்தான். கடைசி 5 வருடத்தில் 730 நாளாவது கனடாவில் இருந்திருக்க வேண்டும்; வெளியே போய்வந்த ஒவ்வொரு பயணத்தையும் தேதியோடு கேட்பார்கள். பாஸ்போர்ட்டில் மங்கிப்போன முத்திரையை விளக்கடியில் பிடித்து, அது 3ஆ 8ஆ என்று நான் பட்ட பாடு! இப்போதெல்லாம் விமான நிலையத்திலேயே தேதியை போனில் குறித்துவிடுகிறேன். பழைய பாஸ்போர்ட்டையும் எறிந்துவிடாதீர்கள்.

போட்டோ 50க்கு 70 மில்லிமீட்டர். ஸ்டூடியோவில் 'பி.ஆர். கார்டுக்கு' என்றே சொல்லுங்கள்.