மலைப்பாதையில் காலை ரயிலைப் படமெடுக்க

செங்கோட்டையிலோ புளியரையிலோ குடியிருப்பவர்கள் ரயிலைப் படமெடுக்க நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. 1904-இல் திறக்கப்பட்டு, அகலப்பாதையாக மாற்றப்பட்டபின் 2018-இல் மீண்டும் வண்டிகள் ஓடத் தொடங்கிய புனலூர் மலைப்பாதை பக்கத்திலேயே இருக்கிறது. முதல் முயற்சிக்கு, அந்தப் பாதையில் கேரளப் பக்கம் உள்ள கழுதுருட்டியின் பதிமூன்று கண் பாலத்தையே தேர்ந்தெடுங்கள். அதன் கருங்கல் வளைவுகளை நெடுஞ்சாலை ஓரத்தில் நின்றே எடுத்துவிடலாம். தண்டவாளத்தில் கால்வைக்கவே கூடாது, அது சட்டப்படியும் குற்றம்.

காலை வெயில் கிழக்கிலிருந்து விழுவதால், பெரும்பாலும் கொல்லத்திலிருந்து செங்கோட்டை நோக்கி வரும் வண்டியின் முகத்தில்தான் ஒளி படியும். மலை மறைப்பதால் வெயில் பள்ளத்தில் இறங்கத் தாமதமாகும். ஆகவே விடியலிலேயே ஓட வேண்டாம். வண்டி மெதுவாகவே வரும் என்பதால் ஷட்டர் வேகம் 1/500 நொடி போதும். எஞ்சினின் முகப்பு விளக்கு கேமராவை ஏமாற்றிப் படத்தை இருட்டாக்கிவிடும் என்பதால், வண்டி வருமுன்பே வெறும் பாலத்தைப் பார்த்து ஒளியளவை நிலைப்படுத்திவிடுவது என் வழக்கம்.

எஞ்சின் கடந்ததும் கேமராவை இறக்கிவிடாதீர்கள். ஏற்றத்துக்காக வண்டியின் பின்னாலும் ஓர் எஞ்சின் இணைக்கப்படுவதுண்டு. கடைசிப் பெட்டியை அது முட்டித் தள்ளிக்கொண்டு வளைவில் திரும்பும் அந்தச் சில நொடிகளுக்காகவே நான் மறுபடியும் அங்கே போகிறேன்.