புகாராவில் சாப்பிடப் போகிறவர்களுக்கு

தில்லியில் ராமகிருஷ்ணபுரத்தில் குடியிருக்கிறேன். ஊரிலிருந்து வரும் உறவினர்கள் மலை மந்திரையும் செங்கோட்டையையும் பார்த்து முடித்ததும், கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒன்று கேட்பார்கள்: “அந்த புகாரா உணவகத்தில் ஒரு தடவை சாப்பிட்டுப் பார்க்கலாமா? அவ்வளவு காசு கொடுத்தால் தகுமா?” தகும் என்பதுதான் என் பதில். ஆனால் அங்கே போய்விட்டு முகம் சுருங்கி வந்தவர்களையும் எனக்குத் தெரியும். சமையலைக் குறை சொன்னவர்கள் அவர்களில் அரிது. எதைக் கொண்டுவரச் சொல்வது, எவ்வளவு சொல்வது என்பதில்தான் அவர்கள் சாப்பாடு கெட்டுப்போயிருந்தது. ஆகவே, போவதற்கு முன் என் வீட்டுக் கூடத்தில் உட்கார வைத்து நான் சொல்லி அனுப்புவதை இங்கே எழுதிவிடுகிறேன்.

புகாரா இருப்பது சர்தார் படேல் மார்கில், ஐ.டி.சி. மௌரியா ஓட்டலுக்குள். 1970களின் பிற்பகுதியில் தொடங்கியது. வடமேற்கு எல்லைப்புறச் சமையல் என்று பெயர். அதாவது இப்போது பாகிஸ்தானில் இருக்கும் பெஷாவர் பக்கத்து அடுப்பு. ஏறக்குறைய எல்லாமே தந்தூர் அடுப்பிலிருந்து வருபவை. குழம்பு வகைகளை எதிர்பார்த்துப் போகக் கூடாது. மெனுவும் பெரிதாக மாறியதில்லை. மாறவில்லை என்பதுதான் அவர்களுக்குப் பெருமை. ஐந்து நட்சத்திர ஓட்டல் என்றதும் வெள்ளைத் துணி விரித்த மேசை, வரிசையாகக் கத்தி முள்கரண்டி என்று மனத்தில் ஒரு படம் எழும். அது எதுவும் அங்கே கிடையாது. கரடுமுரடான கல் சுவர், தாழ்ந்த மரமேசை, குட்டை முக்காலிகள், கண்ணாடிக்கு அப்பால் அடுக்களை. அவ்வளவுதான்.

முக்காலி என்றேன் அல்லவா, வயதானவர்களை அழைத்துப் போகிறவர்கள் இதை முதலில் கவனியுங்கள். முதுகு சாய்க்க இடமில்லாமல் இரண்டு மணி நேரம் உட்கார்வது முழங்கால் வலிக்காரர்களுக்குத் தண்டனை. மேசைக்குத் தொலைபேசியில் பேசும்போதே, சுவரை ஒட்டிச் சாய்ந்து உட்காரும்படி இடம் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். கூச்சமே வேண்டாம். விருந்தினரின் வசதியைக் கேட்டுச் செய்வதற்குத்தான் அந்த விலையில் பாதி.

இரவில் கூட்டம் நெரியும். வெளிநாட்டு விருந்தினர், தூதரகத்தார், பிறந்த நாள் கொண்டாடும் குடும்பங்கள் என்று வாசலில் காத்திருப்பார்கள். இரவு எந்த நேரம் வரைக்கும் மேசையைப் பதிவு செய்து தருவார்கள், அதற்குப் பிறகு வந்தவர் வரிசைதானா என்பதை அன்றைக்கே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். என்னைக் கேட்டால் வார நாளில் மதியச் சாப்பாடுதான் உத்தமம். கூட்டம் குறைவு, பரிமாறுபவருக்கு உங்களோடு நின்று பேச நேரம் இருக்கும், இத்தனை கனமான சாப்பாடு இரவுத் தூக்கத்தையும் கெடுக்காது. இரவுதான் முடியும் என்றால் கதவு திறக்கிற நேரத்துக்கே போய்விடுங்கள். மெட்ரோவில் வருகிறவர்கள் தௌலா குவானில் இறங்கி ஆட்டோ பிடிக்கலாம்.

காலையில் இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொண்டு பசியோடு போங்கள்.

இனி முக்கியமான பகுதி. மெனுவைக் கையில் வாங்கியதும் எல்லோருக்கும் ஒரே பதற்றம் வரும்: வந்தது வந்தோம், இனி எப்போது வரப்போகிறோம், எல்லாவற்றையும் ருசி பார்த்துவிடலாம். அங்கேதான் நிதானம் வேண்டும். ஒவ்வொரு கபாபும் பகிர்ந்து சாப்பிடும் அளவில் வருகிறது. ஆளுக்கொன்று என்று சொன்னால் மேசை நிறைந்துவிடும். தந்தூரிலிருந்து எடுத்த இறைச்சி முதல் பத்து நிமிடம் ஒரு ருசி, அதற்கப்புறம் வேறு ருசி. ஆறிய கபாப் இறுகிப் போகும். நீங்கள் கொடுக்கும் காசு அந்தப் பத்து நிமிடத்துக்காக. எனவே ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொல்லாதீர்கள். முதலில் ஒன்று, அதை முடித்துவிட்டு அடுத்தது. “இரண்டு தவணையாகக் கொண்டு வாருங்கள்” என்று பரிமாறுபவரிடம் சொன்னால் போதும், சரியாகச் செய்வார்கள்.

நான்கு பேருக்கு நான் சொல்லும் கணக்கு இது. முதல் தவணைக்கு ஒரு முர்க் மலாய் கபாப். கோழி, பாலேடு, பச்சை மிளகாய். காரம் குறைவு, குழந்தைகள் விரும்புவார்கள். இரண்டாவது தவணைக்கு ஆட்டிறைச்சியில் ஒன்றே ஒன்று: எலும்போடு வரும் பர்ரா கபாப், இல்லையென்றால் கொத்திய இறைச்சியைக் கம்பியில் பிடித்துச் சுட்ட சீக் கபாப். கூடவே தால், ஒரு ரைத்தா, ரொட்டி. சிக்கந்தரி ரான் வேண்டும் என்று ஆசைப்பட்டால் மற்ற ஆட்டிறைச்சி எல்லாவற்றையும் தள்ளிவிடுங்கள். அது முழு ஆட்டுத்தொடை. வினிகரிலும் பட்டையிலும் ஊறவைத்து, மெல்ல வேகவிட்டு, கடைசியில் தணலில் வாட்டித் தருவது. எலும்பிலிருந்து இறைச்சி விரலாலேயே கழன்று வரும். இரண்டு பேர் மட்டும் போனால் ரான் பக்கமே போக வேண்டாம்.

அமெரிக்க அதிபர் கிளின்டன் 2000இல் வந்து சாப்பிட்டுப் போன பிறகு அவர் பெயரிலேயே ஒரு பெரிய தட்டு வைத்திருக்கிறார்கள். பலரும் அந்தப் பெயருக்காகவே அதைக் கேட்கிறார்கள். பெரிய கூட்டமாகப் போகிறவர்களுக்குச் சரி. சின்னக் குடும்பத்துக்கு அது மிஞ்சும். உங்களுக்குப் பிடித்ததை நீங்களே பொறுக்கிச் சொல்வதுதான் நல்லது.

தாலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தால் புகாரா என்பது முழுக் கறுப்பு உளுந்து, தக்காளி, இஞ்சி, பூண்டு. முடிவில் வெண்ணெயும் கிரீமும். இவ்வளவுதான். சாதாரண தால் மக்கனியில் ராஜ்மா போடுவார்கள், இதில் கிடையாது. இரவு முழுக்கத் தந்தூரின் தணலிலேயே கிடந்து வேகும். 18 மணி நேரம் என்று அவர்கள் கணக்குச் சொல்கிறார்கள். கிண்ணம் வந்ததும் உடனே ரொட்டியில் முக்காதீர்கள். கரண்டியால் ஒரு முறை கிளறிப் பாருங்கள். உளுந்து ஒவ்வொன்றும் தோலோடு முழுசாகத் தெரியும். நாக்கில் வைத்து மேலண்ணத்தில் அழுத்தினால் தோல்கூடத் தங்காது. காரம் எங்கோ அடியில்தான் இருக்கும். முதலில் வெண்ணெய் தெரியும், பிறகு தக்காளியின் புளிப்பு, விழுங்கிய பிறகு தொண்டையில் மெல்லிய புகை மணம். உளுந்தங்கஞ்சியும் களியும் சாப்பிட்டு வளர்ந்த எங்கள் தெற்கத்தி வீட்டில் உளுந்தின் அருமை தெரியாதவர் யாரும் இல்லை. ஆனாலும் அந்தப் பருப்புக்குள் இத்தனை வழவழப்பு ஒளிந்திருக்கிறது என்பதை நான் கண்டது இந்தக் கிண்ணத்தில்தான். நான்கு பேருக்கு ஒரு கிண்ணம் தாராளம். ஐ.டி.சி. இதை ‘கிச்சன்ஸ் ஆஃப் இந்தியா’ என்ற பெயரில் டப்பாவிலும் விற்கிறது. அவசரத்துக்கு உதவும். அதைச் சாப்பிட்டுவிட்டு இதை மதிப்பிட வேண்டாம்.

ரொட்டி வகையில் ‘நான் புகாரா’ என்ற நான் ரொட்டி, பெரிய பட்டுப்பாயை விரித்ததைப் போல மேசையை மறைத்துக்கொண்டு வரும். குடும்பத்துக்கே ஒன்று. பார்க்க அழகு, எல்லோரும் ஒரே ரொட்டியிலிருந்து பிய்த்துச் சாப்பிடுவதும் ஒரு சந்தோஷம். ஆனால் தாலுக்குச் சரியான துணை கஸ்தா ரொட்டி: கோதுமை, மொறுமொறுப்பு, சின்ன அளவு. சூடாக ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்குங்கள். சோறு இல்லாமல் வயிறு நிறையாது என்கிறவர்கள் அன்று ஒரு வேளை மட்டும் ரொட்டிக்கு மனத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள்.

கையால்தான் சாப்பிட வேண்டும். கேட்டால் கரண்டி தருவார்கள், கேட்காதீர்கள். உட்கார்ந்ததும் பரிமாறுபவர் பின்னால் வந்து கட்டம் போட்ட ஏப்ரனைக் கழுத்தில் கட்டிவிடுவார். என் அத்தை முதல் முறை வந்தபோது காஞ்சிப் பட்டு உடுத்தியிருந்தார். இவ்வளவு பெரிய இடத்தில் கையால் சாப்பிட்டால் யாராவது பார்ப்பார்களோ என்று சுற்றுமுற்றும் பார்த்தார். பக்கத்து மேசையில் கோட்டு அணிந்த ஒரு வெளிநாட்டுக்காரர் இரண்டு கையாலும் ரானோடு போராடிக்கொண்டிருந்தார். அத்தை அவரைக் கொஞ்ச நேரம் கவனித்துவிட்டு, “இடது கையை எதற்கு எச்சில் பண்ணுகிறார், பாவம்” என்றார். பிறகு தன் ரொட்டியின் ஓரத்தைச் சுண்டுவிரலாலும் மோதிரவிரலாலும் தட்டோடு அழுத்திப் பிடித்து, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலுமாகத் துண்டைக் கிழித்து, அதைக் குழித்துத் தாலை அள்ளினார். பரிமாறிய பையன் நின்று பார்த்துவிட்டு, “மாதாஜி, இப்படித்தான் சாப்பிட வேண்டும்” என்றான். அன்று முழுக்க அத்தைதான் எங்கள் மேசைக்குத் தலைவி. பெரியவர்களை அழைத்துப் போகத் தயங்குகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்: அந்தக் கூடத்தில் கையால் சாப்பிடத் தெரிந்தவர்களுக்குத்தான் மரியாதை.

அத்தை சுத்த சைவம். சைவர்களுக்கு அங்கே என்ன இருக்கப் போகிறது என்று நினைப்பவர்கள் கேளுங்கள்: தந்தூரில் வாட்டிய காலிபிளவர், முந்திரியும் திராட்சையும் வைத்து நிரப்பிய உருளைக்கிழங்கு, பனீர் டிக்கா, குடைமிளகாய் என்று நிறைவாகவே இருக்கிறது. எனக்கு உருளைக்கிழங்குதான் முதலிடம். சைவத்துக்குக் கம்பியும் அடுப்பும் தனியா என்று கேட்க வேண்டியவர்கள் உட்காரும்போதே கேட்டுவிடுங்கள். பாதிச் சாப்பாட்டில் சந்தேகம் வந்தால் நிம்மதி போய்விடும். பூண்டு சேர்க்காதவர்கள் தாலைத் தவிர்க்க வேண்டியிருக்கும். அவர்களை வேறு இடத்துக்கு அழைத்துப் போவதுதான் நியாயம்.

இரண்டு தவணைக்கு நடுவே எழுந்து போய்க் கண்ணாடி வழியாக அடுக்களையைப் பாருங்கள். நீளக் கம்பிகளைத் தந்தூருக்குள் இறக்கி, தூக்கி, ஒரு திருப்புத் திருப்பி மறுபடி இறக்குகிறார்கள். ரொட்டி போடுகிறவர் துணித் திண்டின் மேல் மாவை விரித்து, தோள் வரைக்கும் அடுப்புக்குள் கையை விட்டு உள்சுவரில் அறைந்துவிட்டு எடுக்கிறார். அந்த அனலில் அவர்கள் நாள் முழுக்க நிற்கிறார்கள். பார்த்த பிறகு மேசையில் ஒரு துண்டு ரொட்டியையும் மிச்சம் வைக்க மனம் வராது.

பணம். ஒளிக்காமல் சொல்கிறேன். நான்கு பேர் அளவாகச் சொன்னாலும் பில் பத்தாயிரத்தைத் தாண்டும் என்று எண்ணிக்கொண்டே போங்கள். மெனுவில் உள்ள விலைக்கு மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு, அறை வாடகை 7,500 ரூபாய்க்கு மேல் போகும் ஓட்டல்களில் உள்ள உணவகங்களுக்கு அந்த விகிதம்தான். சாப்பாடு பத்தாயிரம் என்றால் வரி மட்டும் 1,800. சேவைக் கட்டணம் வேறு விஷயம். எந்த உணவகமும் அதைக் கட்டாயப்படுத்தி வாங்க முடியாது என்று தில்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் உறுதி செய்திருக்கிறது. நன்றாகக் கவனித்தார்கள் என்றால் நீங்களாக விரும்பியதைக் கொடுங்கள். உட்கார்ந்ததும் பாட்டில் தண்ணீரா என்று கேட்பார்கள். வடிகட்டிய சாதாரணத் தண்ணீர் போதும் என்று சொல்லலாம், யாரும் உங்களைக் குறைவாக நினைக்க மாட்டார்கள். யார் பில் கொடுப்பது என்பதை வீட்டிலேயே பேசி முடித்துவிடுங்கள். சித்தப்பாவும் மாமாவும் மேசையில் பில்லைப் பிடித்து இழுப்பது நம் குடும்பங்களில் வழக்கம்தான். ஆனால் தொகையைப் பார்த்ததும் இழுத்தவர் முகம் மாறுவதைப் பார்க்க எனக்கு மனம் கேட்பதில்லை.

இனிப்புக்கு இடம் இருந்தால் குல்ஃபி ஒன்றை இரண்டு பேர் பகிர்ந்துகொள்ளுங்கள். அவ்வளவு வெண்ணெய்க்குப் பிறகு குளிர்ச்சியாக ஏதாவது வேண்டும் என்று வாய் கேட்கும்.

தில்லி வரை வர வாய்ப்பில்லாதவர்கள் வருந்த வேண்டாம். இதே சமையலை ஐ.டி.சி. மற்ற ஊர்களில் ‘பெஷாவரி’ என்ற பெயரில் நடத்துகிறது. சென்னையில் கிண்டி கிராண்ட் சோழாவில் இருக்கிறது. அதே கட்டம் போட்ட ஏப்ரன், அதே தால், அதன் பெயரும் தால் புகாராவேதான். மேலே சொன்ன அத்தனையும் அங்கேயும் செல்லும், முழங்கால் விஷயம் உட்பட.