வன்னி வெக்கையில கடல் ராங்க்: காசைப் பாத்து ரீஃப் ராங்க் வைக்கிறது எப்பிடி

வீட்டில கடல் ராங்க் (உப்புத் தண்ணி மீன் தொட்டி, பவளமும் வளத்தா அது ரீஃப் ராங்க்) வைக்க ஆசைப்படுற ஆக்கள் முதல்ல கேக்கிறது கண்ணாடி என்ன விலை, நிமோ சோடி என்ன விலை எண்டுதான். அது ரெண்டும் ஒருக்காக் குடுக்கிற காசு, அதோட முடிஞ்சுது. எங்கட பக்கத்தில மாசாமாசம் காசைத் தின்னிறது வெக்கையும் கரண்டும் தான். இணையத்தில கிடக்கிற வழிகாட்டியள் முக்கால்வாசி குளிர் நாட்டுக்காரர் எழுதினது, அவை ஹீட்டர் வேண்டச் சொல்லுவினம், வவுனியாவிலயும் முல்லைத்தீவிலயும் இருக்கிற எங்களுக்கு தண்ணியைக் குளிர வைக்கிறதுதான் பெரிய பாடு. அதால நான் சொல்லுற ஒழுங்கு தலைகீழா இருக்கும். முதல்ல இடம், பிறகு கரண்ட், பிறகு தண்ணி, கல்லு, அதுக்குப் பிறகு கண்ணாடி, மீன் கடைசி.

இடம் பாக்கிறதுக்கு ஒரு சதமும் செலவில்லாத வழி இருக்கு. ராங்க் வைக்க நினைக்கிற அதே மூலையில ஒரு பெரிய வாளி நிறையத் தண்ணி வைச்சு, ஒரு சின்ன தேமோமீற்றரைப் போட்டு, பின்னேரம் மூண்டு மணிக்கும் விடியக்காலமை அஞ்சு மணிக்கும் எத்தினை பாகை எண்டு ரெண்டு கிழமை எழுதி வையுங்கோ. இதை கோடையில செய்யோணும், மாரியில செய்து பாத்திட்டு சரி எண்டு நினைச்சா சித்திரை வைகாசியில மாட்டுப்படுவியள். ரீஃப் ராங்குக்கு நல்லது 24 தொடக்கம் 27 பாகை, 28 வரைக்கும் சமாளிக்கலாம், 30ஐத் தாண்டி நாள்க்கணக்கா நிண்டா மீனுக்கும் கஷ்டம் பவளம் வெளிறிப் போகும். 1998இலயும் 2016இலயும் கடல் சூடாகி இலங்கையைச் சுத்தி எத்தினையோ பவளப் பாறை வெளிறினது இதாலதான், அவ்வளவு பெரிய கடலுக்கே அப்பிடியெண்டா ஒரு சின்னக் கண்ணாடிப் பெட்டிக்கு எப்பிடி இருக்கும் எண்டு யோசிச்சுப் பாருங்கோ. தகரக் கூரைக்குக் கீழ இருக்கிற அறை, சீற் போட்ட விறாந்தை, மேற்குப் பக்கத்துச் சுவர் இதெல்லாம் வேண்டாம். ஓட்டு வீட்டில நடு அறை, வெயில் படாத சீமெந்து நிலம், அதுதான் நல்லம்.

பிறகு அதே வாளிக்கு மேல ஒரு சின்ன 12 வோல்ற் ஃபானைச் சரிச்சு வைச்சு காத்துப் படவிட்டு திரும்ப எழுதுங்கோ. ரெண்டு மூண்டு பாகை இறங்கும். மண்பானைத் தண்ணி குளிருற அதே வேலைதான், தண்ணி ஆவியாகேக்க சூட்டையும் கொண்டு போகுது. எங்கட சோளகக் காத்து காய்ஞ்ச காத்து, அதால கோடையில ஃபான் இன்னும் நல்லா வேலை செய்யும், இது எங்களுக்குக் கிடைச்ச அதிர்ஷ்டம் எண்டுதான் சொல்லுவன். ஃபானோட வாளி 28க்குக் கீழ நிண்டா சில்லர் (தண்ணியைக் குளிர வைக்கிற மெசின்) வேண்டத் தேவையில்ல. நிக்காட்டி அறையை மாத்துங்கோ, அறையும் இல்லையெண்டா இந்த வருசம் ஆசையைத் தள்ளி வையுங்கோ, மீனைச் சாகக் குடுக்கிறதிலும் அது நல்லது.

ஃபான் போட்டா தண்ணி கெதியா வத்தும், ரெண்டு அடி ராங்கில நாளைக்கு ரெண்டு மூண்டு லீற்றர் கூடக் குறையலாம். வத்திறது தண்ணி மட்டும்தான், உப்பு உள்ளயே நிக்கும், அதால குறைஞ்சதுக்கு உப்புத் தண்ணி ஊத்தக் கூடாது, உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணிதான் (மெசினால வடிச்சு உப்பும் கல்லும் எடுத்த தண்ணி, எங்க எடுக்கிறதெண்டு கீழ சொல்லுறன்) ஊத்தோணும். கண்ணாடியில ஒரு ரேப் துண்டு ஒட்டி அளவு வைச்சு காலமையும் பின்னேரமும் அந்தக் கோடு வரைக்கும் நிரப்பினாச் சரி.

இப்ப கரண்ட். 100 வாட்ஸ் லைற் நாளைக்கு எட்டு மணித்தியாலம் எரிஞ்சா மாசம் 24 யூனிற். 8 வாட்ஸ் வேவ்மேக்கர் (ராங்குத் தண்ணியை அலைய விடுற பம்) ரெண்டு இரவு பகலா ஓடினா 12 யூனிற் கிட்ட. ஃபானும் சின்ன ஃபில்டரும் எட்டு ஒன்பது. எல்லாம் சேத்து 45 யூனிற் எண்டு வையுங்கோ. இது சின்னக் கணக்கு மாதிரித்தான் தெரியும், ஆனா எங்கட பில் 30, 60, 90, 120 எண்டு படிப்படியா ஏறுறது, நீங்கள் இப்ப 80 யூனிற் பாவிக்கிற வீடெண்டா ராங்க் உங்களை 120க்கு மேல தள்ளிப்போடும், யூனிற் விலையும் கூடும் நிலையான கட்டணமும் கூடும். சில்லர் 150 வாட்ஸ் எண்டு வைச்சு பாதி நாள் ஓடினாலே அது மட்டும் 54 யூனிற். போன மூண்டு மாசத்து பில்லை எடுத்து வைச்சுக் கணக்குப் பாத்திட்டு முடிவெடுங்கோ. கரண்ட் கட்டுக்கும் ஒரு வழி வேணும், 2022இல 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். சூடான தண்ணியில ஒட்சிசன் குறைவு, அதால கரண்ட் போனா எங்கட ராங்குக்குக் கிடைக்கிற நேரமும் குறைவு. பற்றரியில ஓடுற ஏர் பம் ஒண்டு பெரிய விலை இல்ல, மீன் வேண்ட முதல் அதை வேண்டி வையுங்கோ. பிளக் எல்லாம் தண்ணி மட்டத்துக்கு மேல, வயர் கொஞ்சம் தொங்கி வளைஞ்சு ஏறோணும், அப்பத்தான் சொட்டுற தண்ணி பிளக்குக்குப் போகாது. வீட்டில ட்ரிப் சுவிச் வேலை செய்யுதோ எண்டு அந்த ரெஸ்ற் பட்டனை அமத்திப் பாருங்கோ.

தண்ணிக்கு ரெண்டு வழி இருக்கு. கடலுக்குக் கிட்ட இருக்கிற ஆக்கள் கடல் தண்ணியே எடுக்கலாம், காசு மிச்சம். ஆனா கரையில நிண்டு அள்ளக் கூடாது, தொழிலுக்குப் போற போட்டில குடுத்துவிட்டு அலை உடையிற இடத்துக்கு நல்லா அங்கால வெளிக்கடலில எடுப்பியுங்கோ. கான் புதுசா இருக்கோணும், இல்லாட்டி சாப்பாட்டுச் சாமான் வந்த கான், மண்ணெண்ணெய் நிண்ட கான் எத்தினை தரம் கழுவினாலும் சரிவராது. நந்திக்கடல், நாயாறு பக்கம் களப்புத் தண்ணி வேண்டவே வேண்டாம், மாரியில வட்டுவாகலால வெள்ளம் கடலுக்குப் போற நேரமும் அந்தச் சுத்துவட்டாரத்தில எடுக்காதேங்கோ, உப்புக் குறைவு, சேறும் வயல் மருந்தும் சேந்து வரும். எடுத்த தண்ணியைத் துணியால வடிச்சு மூடி போட்ட பரலில இருட்டில ஒரு ரெண்டு கிழமை ஏர் விட்டு வைச்சிட்டு, உப்பு அளவு பாத்து, தெளிஞ்ச மேல் தண்ணியை மட்டும் பாவிக்கோணும்.

மற்ற வழி ரீஃப் சோல்ற் (கடல் ராங்குக்கெண்டு விக்கிற உப்பு) வேண்டி ஆர்.ஓ. தண்ணியில கரைக்கிறது. இஞ்சதான் கனபேர் கேக்கிற கேள்வி, ஆனையிறவு உப்பு பக்கத்திலயே கிடக்கு, அதுவும் கடல் தண்ணியில இருந்து வந்ததுதானே, அதைக் கரைச்சா என்ன? சரிவராது, ஏனெண்டு சொல்லுறன். உப்பளத்தில கடல் தண்ணி வத்தேக்க முதல்ல கல்சியம் சேந்த சுண்ணாம்பும் ஜிப்சமும் அடியில படிஞ்சிடும், அதுக்குப் பிறகுதான் சோடியம் குளோரைட் பளிங்காகி வரும், மக்னீசியமும் பொட்டாசியமும் மிஞ்சிற கசப்புத் தண்ணியோட வெளிய போயிடும். அப்ப எங்கட கைக்கு வாறது சமையலுக்கு நல்ல உப்பு, ஆனா கடலில இருக்கிற 420 பி.பி.எம். (பத்து லட்சத்தில 420 பங்கு) கல்சியமும் 1300 கிட்ட வாற மக்னீசியமும் அதில இல்ல. ரீஃப் சோல்ற் ஒரு லீற்றருக்கு 35 தொடக்கம் 38 கிராம், 120 லீற்றருக்கு நாலரைக் கிலோ மட்டில போகும், பிறகு கிழமைக்கு 12 லீற்றர் மாத்த அரைக் கிலோவுக்கும் குறைவு.

கிணத்துத் தண்ணி வன்னியில கனக்க இடத்தில கல்லுத் தண்ணி, ஃபுளோரைட்டும் கூட, ராங்குக்கு ஆகாது. சிறுநீரக வருத்தத்துக்குப் பயந்து ஊரூரா வைச்ச ஆர்.ஓ. தண்ணி மெசின் இருக்கே, அதுதான் எங்களுக்கு நல்ல வழி, சொந்த ஆர்.ஓ. வேண்டாமல் கானோட போய் எடுக்கலாம். ஒரு ரி.டி.எஸ். மீற்றர் (தண்ணியில கரைஞ்சு கிடக்கிறதை அளக்கிறது) கொண்டுபோய் அளந்து பாருங்கோ, 10க்குக் கீழ எண்டா நல்லம், 40, 50 எண்டு காட்டினா வேற இடம் தேடுங்கோ. உப்பு அளக்க ரிஃப்ராக்டோமீற்றர் கட்டாயம் வேணும், 35 பி.பி.ரி. (ஆயிரத்தில 35 பங்கு உப்பு) அளவுத் திரவத்தால சரிபாத்து வையுங்கோ, இந்த ஒரு சாமானில மலிவு பாக்காதேங்கோ.

கல்லு. கடலில இருந்து பவளக் கல்லு எடுக்கிறது, அது செத்த கல்லெண்டாலும், சட்டப்படி பிழை. அதை விட, அது மீன் குஞ்சுகளிட வீடு. மன்னார்ப் பக்கம் வங்காலை, அரிப்பு, சிலாவத்துறைப் பாறையள் எங்கட மீன்பிடிக்கே அடிப்படை, அதில கை வைச்சு வீட்டில ஒரு அழகு வேண்டாம். கல்லை நாங்களே செய்யலாம். ஒரு பங்கு சீமெந்து, மூண்டு பங்கு நொறுக்கின சிப்பி (கோழித்தீன் கடையில கிடைக்கும்), ஒரு பங்கு கட்டி உப்பு, ஆனையிறவு உப்புக்கு இஞ்ச வேலை இருக்கு. தண்ணியைக் குறைச்சு, கையில பிடிச்சா உருண்டையா நிக்கிற பதத்தில குழைச்சு, ஈர மண்ணில குழி தோண்டி அதுக்குள்ள அமத்துங்கோ, பி.வி.சி. பைப் துண்டால குகை மாதிரி ஓட்டை விடுங்கோ. கையுறை போடோணும், சீமெந்து தோலை அரிக்கும். பொலித்தீனால மூடி ஒரு கிழமை ஈரம் காயாமல் வைச்சிட்டு பரல் தண்ணியில போட்டா உப்புக் கரைஞ்சு போய் கல்லு முழுக்கச் சின்னச் சின்ன ஓட்டையா வரும், நல்ல பக்ரீரியா குடியிருக்கிறது அந்த ஓட்டைக்குள்ளதான். ரெண்டு மூண்டு நாளைக்கு ஒருக்கா தண்ணி மாத்தி ஆறு எட்டுக் கிழமை ஊற விடோணும், அவசரப்பட ஏலாது, புதுச் சீமெந்து பி.எச்.ஐ (தண்ணியிட அமில கார அளவு) 10, 11க்குக் கொண்டுபோய் எல்லாத்தையும் கொல்லும். கடைசியில ஒரு கல்லை புதுத் தண்ணி வாளியில ரெண்டு நாள் விட்டு பி.எச். 8.5க்கு மேல ஏறாட்டி கல்லு ரெடி. 12, 15 கிலோ காணும். அடியில மண் போடாமலே விடலாம், போடுறதெண்டா கடையில விக்கிற அரகனைற் மண் (சுண்ணாம்பு மண்), கடற்கரை மண் வேண்டாம், கொக்கிளாய் புல்மோட்டைப் பக்கம் கறுப்பா மினுங்கிற மண் இல்மனைற், இரும்பும் தைத்தேனியமும் தான் அது.

கண்ணாடி 60 சென்ரிமீற்றர் நீளம், 45 அகலம், 45 உயரம், கிட்டத்தட்ட 120 லீற்றர். இதை விடச் சின்னது மலிவுதான், ஆனா எங்கட வெக்கையில கெதியாச் சூடேறும், உப்பும் ஏறி இறங்கும். ரவுணில கண்ணாடி வெட்டுற கடையில 8 மில்லிமீற்றர் பக்கக் கண்ணாடி, 10 மில்லிமீற்றர் அடி எண்டு சொல்லி ஒட்டுவியுங்கோ, சிலிக்கன் பூஞ்சை மருந்து சேராததா இருக்கோணும், ஒரு கிழமை காய விட்டு முற்றத்தில வைச்சு நல்ல தண்ணி நிரப்பி ஒழுகுதோ பாருங்கோ. எல்லாம் சேத்து 170 கிலோ வரும், பழைய மேசை தாங்காது, பெட்டி இரும்பில ஒட்டின ஸ்ராண்ட், மேல பலகை, அதுக்கு மேல ரெஜிபோம்.

மற்றச் சாமான் சுருக்கமாச் சொன்னா, மணித்தியாலத்துக்கு 2000 லீற்றர் சொல்லுற வேவ்மேக்கர் ரெண்டு, வெளிச்சம் கூட்டிக் குறைக்கக் கூடிய எல்.ஈ.டி. லைற் ஒண்டு, முதல் சொன்ன ஃபானும் சின்ன ஃபில்டரும், அவ்வளவுதான். கிழமைக்குப் பத்து வீதம் தண்ணி மாத்தினா ஸ்கிம்மர் (நுரையால அழுக்கை எடுக்கிற மெசின்) இல்லாமல் தொடங்கலாம். ரெஸ்ற் கிற்றில அமோனியா, நைத்திரைற், நைத்திரேற், பி.எச்., கே.எச். (தண்ணியில இருக்கிற கார்பனேற் அளவு) அஞ்சும் முதல்ல வேணும்.

கல்லு வைச்சு உப்புத் தண்ணி நிரப்பினதும் லைற் போடாமல் ஒரு பச்சை இறால் துண்டை வலைப் பையில கட்டித் தொங்க விடுங்கோ. அழுகி அமோனியா 2 பி.பி.எம். வந்ததும் எடுத்திடுங்கோ. மீனுக்கு நஞ்சான அமோனியா கல்லில குடியேறுற பக்ரீரியாவால நைத்திரைற்றாகி பிறகு நைத்திரேற்றாக மாற நாலு ஆறு கிழமை எடுக்கும். அமோனியாவும் நைத்திரைற்றும் பூச்சியம் காட்டி நைத்திரேற் ஏறினாப் பிறகு கொஞ்சத் தண்ணி மாத்தி, முதல்ல நாலஞ்சு நத்தை, ரெண்டு கிழமையால நிமோ சோடி, அதுவும் ராங்கிலயே பிறந்த குஞ்சு. ஒரு மாசம் போக சின்னக் கோபி மீன் ஒண்டு, அதோட காணும். நீல டோரி 30 சென்ரிமீற்றர் வளருற மீன், வண்ணாத்திப்பூச்சி மீனில கனக்க வகை பவளத்தைத் தின்னும், ரெண்டும் வேண்டாம். மீனுக்கு வெள்ளைப் புள்ளி வருத்தம் வந்தா வேற தொட்டியில வைச்சு மருந்து குடுங்கோ, செம்பு மருந்து ராங்குக்குள்ள போனா நத்தையும் இறாலும் செத்துப்போகும். ராங்க் இருக்கிற அறையில நுளம்புத்திரி கொளுத்தாதேங்கோ, டெங்குப் புகை அடிக்க வந்தா ஏர் பம்மை நிப்பாட்டி ராங்கை ஈரத்துணியால மூடுங்கோ, அந்த மருந்து பூச்சியைக் கொல்லுற மாதிரியே இறாலையும் கொல்லும்.

பவளத்தைப் பற்றி. இலங்கையில கல்லுப் பவளம் சட்டத்தால பாதுகாக்கப்பட்டது, அருகி வாற உயிரினங்களை நாடு விட்டு நாடு விக்கிறதைக் கட்டுப்படுத்திற சர்வதேச சைட்டிஸ் ஒப்பந்தத்திலயும் ரெண்டாம் பட்டியலில இருக்கு. அதால முதல் வருசம் கல்லு, மீன், நத்தை, இறாலோட மட்டும் ஓட விடுங்கோ, கல்லில ஊதா நிறப் பாசி படிஞ்சு வரேக்க அதுவே வடிவுதான். அந்த வருசத்தில வெப்பம் 28ஐத் தாண்டாமல், உப்பு 35இல, கே.எச். 8க்கும் 9க்கும் இடையில ஒரு கோடையும் ஒரு மாரியும் நிண்டுதெண்டா மென்பவளம் (கல்லு மாதிரி எலும்புக்கூடு இல்லாத பவளம்) பற்றி யோசிக்கலாம். அதுக்கும் முதல் வனசீவராசிகள் திணைக்களத்தில போய் எதை வைச்சிருக்கலாம் எண்டு கேளுங்கோ, கடைக்காரரிட்ட எங்க இருந்து வந்தது எண்ட கடதாசி கேளுங்கோ, கடதாசி இல்லாத பவளத்தை ஆர் சும்மா தந்தாலும் வேண்டாதேங்கோ.